ஏசி இருக்கா

கிருமாம்பாக்கம் தாண்டும்போது
கேட்டது அந்தச் சத்தம்.
முதலில் தகரத்தை எலி பிராண்டுவதுபோல,
பிறகு ரப்பர் கருகும் நாற்றம்,
பிறகு ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை என்பதுதான் மோசம்.
விசிறி சுற்றியது,
உள்ளிருந்து வந்தது
மே மாதம்.

பின்சீட்டில் கல்யாணப் பெண்.
லாஸ்பேட்டை பார்லரில்
நாலு மணி நேரம் உட்கார்ந்து வாங்கிய முகம்.
பக்கத்தில் அந்த முகத்தை எழுதிய ஜெனோவா அக்கா,
மடியில் பெட்டி.
"தம்பி, இன்னும் கொஞ்சம் கூட வைங்க."
குமிழைத் திருகினேன்.
திருகுவது ஒரு மரியாதை, அவ்வளவுதான்.

முள்ளோடை எல்லையில்
வண்டிகள் நகரவில்லை.
பாட்டில் தேடும் காவலர்
டிக்கியைத் திறக்கச் சொன்னார்.
ஒரு குத்துவிளக்கு, இரண்டு சூட்கேஸ்,
வாழையிலையில் கட்டிய பூ.
பூவை மோந்துவிட்டு மூடினார்.
அதற்குள் பெண்ணின் நெற்றியிலிருந்து
முதல் துளி
புருவத்துக்குப் புறப்பட்டுவிட்டது.

அக்கா டிஷ்யூவால் ஒற்றினார்.
ஒற்ற ஒற்ற
டிஷ்யூவில் வந்தது கொஞ்சம் கன்னம்.
"எட்டாயிரம் ரூபா வேலைங்க இது"
யாரிடமோ சொல்வதுபோல்
என்னிடம்தான் சொன்னார்.

அவள் அழுவாள் என்று நினைத்து
கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பி வைத்தேன்.
அவள் கேட்டாள்:
"அண்ணா, இந்த ஜன்னல் இறங்குமா?"

இறங்கியது.
ரெட்டிச்சாவடிப் புழுதி,
கரும்புச்சாறு மெஷினின் சலங்கை,
முன்னால் போகும் லாரியின் புகை,
யாரோ யாரையோ திட்டிய பாதி வாக்கியம்
எல்லாம் வாடகை இல்லாமல் ஏறிக்கொண்டன.
அக்கா துப்பட்டாவைத் திரையாகப் பிடித்துப் பார்த்தார்.
பெண் அதை வாங்கி, நாலாக மடித்து,
அவர் மடியிலேயே வைத்தாள்.

பெண்ணையாற்றுப் பாலத்தில்
பெண்ணைத் தேடியே வந்ததுபோல்
கடற்காற்று.
ஜடையில் குத்தியிருந்த ஏதோ ஒன்று
கழன்று ஆற்றில் விழுந்தது.
சிரித்தாள்.
பவுடருக்கு அடியிலிருந்து
இடது தாடையில் ஒரு பழைய அம்மைத் தழும்பு
மெல்ல வெளியே வந்து
மஞ்சக்குப்பம் வரைக்கும் கூட வந்தது.

மண்டப வாசலில்
வாடகையில் முந்நூறு பிடித்துக்கொண்டார் தாய்மாமன்.
நியாயம்தான்.

மறுநாள் ஓல்டு டவுனில் நிஜாமுதீன் பட்டறை.
கம்ப்ரசரைக் கழற்றிச் சாய்த்து
எண்ணெயைப் பழைய காலண்டர் தாளில் விட்டான்.
சாம்பல் நிறம், உள்ளே மினுமினுப்பு.
"தன்னைத் தானே அரைச்சுத் தின்னிருக்குண்ணே.
தூள் கண்டென்சர் வரைக்கும் போயிருக்கும்.
புதுசு மட்டும் மாட்டினா, அதையும் தின்னும்."
முப்பத்தோராயிரம்.
குழாய் கழுவ, கேஸ் ஏற்றத் தனி.
அவன் அட்டையில் கூட்டிக்கொண்டிருந்தபோது
நான் மனதில் கழித்துக்கொண்டிருந்தேன்:
தவணை, இன்சூரன்ஸ், பெரியவளின் ஸ்கூல் ஃபீஸ்.

கொஞ்ச நேரம் அவனும் பேசவில்லை.
பிறகு ஆணியிலிருந்து ஒரு பெல்ட்டை எடுத்தான்.
நீளம் குறைவு.
"இது கம்ப்ரசரைத் தொடாமப் போயிடும்.
அறுநூத்தம்பது."

கழற்றியதையே திரும்ப மாட்டினான்,
இடம் காலியாகத் தெரிய வேண்டாம் என்று.
ஸ்டார்ட் செய்து பானெட்டைத் திறந்து பார்த்தேன்.
டைனமோ சுற்றியது, தண்ணீர் பம்ப் சுற்றியது.
நடுவில் அது மட்டும்
நாலு போல்ட்டில் சும்மா நின்றது.
எங்கள் குடும்பத்திலும் ஒரு சித்தப்பா உண்டு.
பந்தியில் இலை போடுவார்கள்,
பேச்சு மட்டும்
அவரைத் தொடாமல் போய்விடும்.

இப்போதெல்லாம் போனில் முதல் கேள்வி
"ஏசி இருக்கா?"
இருக்கு என்கிறேன்.
பொய்யில்லை.
சுற்றுமா என்று ஒருவரும் கேட்பதில்லை.
ஏறி உட்கார்ந்து பட்டனை அழுத்துகிறார்கள்,
பச்சை விளக்கு எரிகிறது,
அரியாங்குப்பம் பாலம் வரை பொறுக்கிறார்கள்.
அதற்கு மேல் கை தானாக ஜன்னலுக்குப் போகும்.
சிலர் திட்டுகிறார்கள்.
ஒருத்தர் பாதி வழியில் இறங்கி
பஸ் ஏறிவிட்டார்.

நேற்று பின்சீட்டு இடுக்கில்
அந்த டிஷ்யூ கிடைத்தது.
காய்ந்து, ரோஸ் நிறத்தில், கொஞ்சம் கன்னம்.
வேறு துணி இல்லை.
ஆயில் பார்க்கும் கம்பியை
அதில்தான் துடைத்தேன்.