ஆடுகளுக்கு ஒரு கட்டம்

முதல் கொடிக்கம்பம் நின்ற இடத்தில்
இப்போது தோணிகள் மிதக்கின்றன.
இரண்டாவது கம்பத்தின் குழியிலிருந்து
நீர் வற்றும் வேளையில் ஒரு நண்டு எட்டிப் பார்க்கும்.
மூன்றாவது, பள்ளிக்கூடத்தை ஒட்டி, என் பொறுப்பில்.
நியாமுரே ஊர்க்குழுவில் நான்தான் கொடிக்காரன்.
நீலம் என்றால் இரண்டு நாள்.
மஞ்சள் என்றால் ஒரு நாள்.
சிவப்பு என்றால்
என்னிடம் கேள்வி கேட்டுக்கொண்டு நிற்காதே, ஓடு.

போன மார்ச்சில் மஞ்சள் ஏற்றினேன்.
பெய்ரா வானொலி சொன்னதைத்தான் ஏற்றினேன்.
ஊர் முழுக்க மேட்டுக்கு நடந்தது,
பாய், பானை, கைக்குழந்தை, சோளமாவு மூட்டை.
புயலோ
வாசல்வரை வந்த விருந்தாளி
செருப்பைக் கழற்றாமலே திரும்புவதுபோல
தெற்கே வளைந்து வேறு யார் வீட்டுக்கோ போனது.
இங்கே நாலு தூறல்.
திரும்பி வந்தால்
ஒதீலியாவின் பட்டியில் இரண்டு ஆடு இல்லை,
கூரையில் ஒரு தகரம் இல்லை.
அன்றிலிருந்து ஊரில் என் பெயர் மஞ்சள்.
"மஞ்சள், நாளைக்கு மழை வருமா?" என்பார்கள்
உச்சி வெயிலில் நின்றுகொண்டு.

பிறகு பயிற்சி கொடுக்க வந்தவர்கள்
ஒரு ஒலிபெருக்கி, ஒரு விசில்,
இரண்டும் இடது காலான ஒரு ஜோடி பூட்ஸ்,
கட்டம் போட்ட நோட்டு ஒன்று தந்துவிட்டுப் போனார்கள்.
கர்ப்பிணி. முதியவர். நடக்க முடியாதவர். பார்வையற்றவர்.
எல்லாருக்கும் அதில் இடம் இருந்தது.

இந்த ஜனவரி, மறுபடி மஞ்சள்.
கொடியை எலி தின்றிருந்தது.
செலெஸ்தாவின் கப்புலானாவை,
அன்னாசிப் படம் போட்ட மஞ்சள் துணியை,
கம்பத்தில் கட்டினேன்.
கல்யாணத்துக்கு வாங்கியது. அவள் இன்னும் என்னோடு பேசவில்லை.

ஒதீலியா கதவைத் திறக்காமலே கேட்டாள்:
"புயல் எடுத்தால் கடவுளைக் கேட்பேன்.
போன தடவை எடுத்தது புயல் இல்லை.
யாரைக் கேட்க?"

ஒலிபெருக்கியில் எவ்வளவோ சொல்லப் பழகியிருந்தேன்.
இதற்கு அதில் பதில் இல்லை.
அதன் பொத்தானைத் தேய்த்துக்கொண்டே
ரொம்ப நேரம் நின்றேன்.

பிறகு நோட்டை முழங்காலில் வைத்து
விசிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு
கோணலாய் ஒரு கோடு இழுத்தேன்.
மேலே, ஆடு, என்று எழுதினேன்.
"எத்தனை?"
உள்ளே கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"ஏழு. ஒன்று சினை."
சினை ஆட்டைக் கர்ப்பிணிக் கட்டத்திலும் சேர்த்தேன்.
அப்போதுதான் தாழ்ப்பாள் அசைந்தது.

செய்தி என் ஒலிபெருக்கியைவிட வேகமாய்ப் போயிற்று.
சாலிமோ, தோணிக்கு வைத்திருந்த நீலப் பெயிண்டால்
ஒவ்வோர் ஆட்டின் விலாவிலும் வீட்டு எண் எழுதினான்.
ஒரு வாத்துக்கும் எழுதினான், யாரும் கேட்காமலே.
தலைமையாசிரியர் செஃபானியாஸ்
வாசலில் கையை விரித்து மறித்தார்:
"நாலாம் வகுப்பில் ஆடா? இது அரசாங்கக் கட்டடம்!"
ஒதீலியாவின் கிடா அவர் கைக்கு அடியில் நுழைந்து
சுவரில் ஒட்டியிருந்த வாய்ப்பாட்டை
ஏழாவது வரியிலிருந்து தின்னத் தொடங்கியது.

இரவெல்லாம் காற்று தகரத்தைப் பிறாண்டியது.
மணிக்கொரு முறை டார்ச் அடித்து எண்ணினேன்.
ஆள் இருநூற்றுப் பதினாறு.
ஆடு அறுபத்து மூன்று.
வாத்து ஒன்று.
தூங்குகிறவர்களின் முகத்தில் வெளிச்சம் பட்டால் திட்டினார்கள்.
திட்டு கேட்கும்வரை நல்லது என்று அடுத்த முகத்துக்குப் போனேன்.

இந்த முறையும் அது முழுதாய் வரவில்லை.
தோளால் ஓர் இடி இடித்துவிட்டுப் போனது.
ஒன்பது கூரை போயிற்று,
அலையாத்திக் கன்று நட்ட கரையில் பாதி,
செலெஸ்தாவின் கப்புலானா.
கடல் இன்னும் நாலு எட்டு உள்ளே வந்து
எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது.

காலையில் ஒதீலியா ஏழையும் எண்ணி ஓட்டிக்கொண்டு போனாள்.
நன்றி என்றெல்லாம் சொல்லவில்லை.
வேலியருகே திரும்பி,
"மஞ்சள், அடுத்த முறை ஐந்தாம் வகுப்பைக் கொடு,
நாலாவதில் ஜன்னல் ஒழுகுகிறது" என்றாள்.

அடுத்த முறை, என்றாள்.

கடப்பாறையை எடுத்துக்கொண்டு
நாலாவது குழிக்கு இடம் பார்க்கப் போனேன்.