வெறுமையாக இராது

பரந்தன். மாடியறை. இரவு பதினொன்று.
விடிந்தால் வாய்க்கால் நிரல்
உண்மையான வயல்களில் ஓடும்.
வேகம் போதாதென்றாள் நிதர்சினி.
எழுதும்போது நட்ட காவல் வரிகளை
ஒரே தட்டில் அணைத்தேன்:
பரப்பு பூச்சியத்துக்குக் கீழே போகாது.
காணிக்காரர் பெயர் வெறுமையாக இராது.

எங்கள் மாதிரித் தரவில்
எல்லாக் காணிக்கும் ஆள் இருந்தது.

காலை. எங்கும் தடக்காமல்
துண்டுகளைத் தள்ளியது அச்சுப்பொறி.
இருநூற்றுப் பதினாலு:
திரு.
பிறகு ஒரு வெள்ளை.
ஒன்றரை ஏக்கர், தண்ணி நாலு மணித்தியாலம்.

அந்த வரியை மறுபடி உயிர்ப்பித்தால்
இதிலேயே எல்லாம் நின்றுவிடும்,
பின்னாலுள்ள வயல்கள் காயும்.
விட்டுவிட்டேன்.

துண்டு எடுக்க வந்தவ
"பேர் அடிபடேல்லையே" என்றா,
பேனை கேட்டா.
வாங்கினவ, மூடியைக் கழற்றி,
எழுதாமல் நிற்கிறா.