மேல் வரிசை

ரிமோட்டில் கீழ் அம்பு செத்து ஏழு வாரம்.
புதிதுக்கு முப்பத்தொன்பது பிராங்க்.
முடியாது என்றேன்.
ஒரு செயலியை இறக்கி
ஒலி குறைக்கும் பொத்தானைக் கூப்பிட்டு
இனி நீதான் கீழ் என்று
வேலை மாற்றிக் கொடுத்தேன்.

கேட்டது.
பட்டியல் பட்டியலாய் இறங்கியது.
ஓல்டன் ரயில் பணிமனையில் எனக்குக் கீழே ஆளில்லை;
வீட்டில் ஒரு பொத்தானாவது சொல்வழி கேட்கிறதே என்றிருந்தேன்,

தேடல் பெட்டியைத் திறக்கும்வரை.

திரையில் விசைப்பலகை விரிந்ததும்
என் உத்தரவு செல்லாமல் போயிற்று.
அது வேறு கந்தோர்.
அங்கே அவரவருக்குப் பழைய பதவிதான்.
கீழே போ என்று அழுத்த அழுத்த
சத்தம்தான் இறங்குகிறது,
கட்டம் கியூவில் குந்தியிருக்கிறது.

ஆக எனக்கு வாய்த்தது மேல் வரிசை.
கியூ, டபிள்யூ, ஈ, ஆர், டி,
இந்த நாட்டில் ஆறாவதாய் செட்.
அதை மேலே வைத்தவன் நல்லாயிருக்கட்டும்:
அதை ழகரமாக்கி
எழுத்து என்று எழுதினேன்.
பொழுது. புழுதி. பொறுத்திரு.
(எழுத்துக்குக் கிடைத்தது ஏதோ துருக்கித் தொடர்.)
போ வந்தது.
வா வரவில்லை.
அகரம் கண்ணுக்கு முன்னால்,
கியூவின் காலடியில்,
ஒரு நகக்கண் தூரத்தில்.

வானிலைக்கு ஜெர்மன்காரன் சொல்லும் வெட்டர்
முழுசாய் மேல் வரிசையிலேயே குடியிருந்தது.
இரவிரவாய் வெட்டர் பார்த்தோம்.
பாசலில் தூறல், லுகானோவில் வெயில்,
ஆரே ஆற்றை அண்டி மூடுபனி.
"காலநிலை பாக்கவோ
இவ்வளவு பெரிய டிவி வாங்கினனீங்கள்?"
என்றாள் தயாளினி,
அதுவும் சத்தமில்லாத டிவி.

நேற்றுப் பின்னேர வேலை முடிந்து வந்தவள்
சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.
ரிமோட்டைப் பறித்து
தபால்பெட்டிச் சாவியின் முனையை
அந்தச் செத்த ரப்பரில் ஊன்றி
ஒரு அழுத்து.

கட்டம் இறங்கி
ஏயின் மேல் நின்றது.

"ம். சொல்லுங்கோ. என்னத்தைத் தேடுறது?"

ஏழு வாரமாய் நெஞ்சுக்குள் வரிசை கட்டி நின்றவை,
பாட்டு, படம், பழைய பள்ளித் தோழன் ஒருவனின் பெயர்,
ஒன்றையும் காணவில்லை.
அவள் சாவியை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சத்தம் பூச்சியத்தில் கிடந்தது.
ஜன்னலுக்கு வெளியே
டிவி சொன்ன மூடுபனி
சொன்ன நேரத்துக்கு வந்திருந்தது.