படிக்கணக்கு

ரங்கூன், நாற்பத்தாறு, ஆனி மழை.
குண்டு விழுந்த கூரைக்குத் தார்ப்பாய் கட்டி
அதன் கீழே நீதிமன்றம்.
சாட்சியின் வாயிலிருந்து தமிழை எடுத்துப் போய்
இங்கிலீஷில் இறக்குவது என் வேலை.
அங்கிருந்து ஜப்பானியத்துக்குச் சுமக்க
வேறொருவர் இருந்தார்.

சாட்சி சடையாண்டி. முகாமின் சமையல்காரர்.
நாளுக்கு ஒரு வெள்ளி என்று சொல்லி
பேராக் தோட்டத்திலிருந்து ரயிலேற்றி
தன்பியூசயாத்துக்கு அப்பால்
எழுபத்து மூன்றாம் கிலோமீட்டரில் இறக்கிவிடப்பட்டவர்.

தேதி கேட்டார்கள்.
‘பேதி வந்து ஏழாம் நாளு.’
எந்த மாதம்?
‘உப்பு தீர்ந்த மாசம்.’
முகாம் அதிகாரியின் பெயர்?
‘நாங்க வச்ச பேரு மூக்குக்கண்ணாடி.’
கூண்டில் கேப்டன் இஷிமோரி
கண்ணாடியைக் கழற்றி
நிதானமாகத் துடைத்தார்.

எத்தனை பேர் இறந்தார்கள்?

‘எண்ணல சாமி. அளந்தேன்.
காலையில பன்னெண்டு படி அரிசி போட்டேன்.
ராத்திரி காலராக் கொட்டாய்க்குத் தீ வச்சாங்க.
மறுநாளும் பன்னெண்டு படி தந்தாங்க,
கணக்குப்பிள்ளைக்குச் சேதி போகல.
மிஞ்சாத எடத்துல சோறு மிஞ்சிச்சு.
ஒம்போது படிச் சோறு.’

படிக்கு எட்டு வாய் என்றார்.
எழுத்தர் காகித ஓரத்தில் பெருக்கினார். எழுபத்திரண்டு.

கொட்டகைக்குள் இருந்தவர்களுக்கு
அப்போது உயிர் இருந்ததா?
‘சில பேரு தண்ணி கேட்டாங்க.’
அதை இங்கிலீஷில் சொல்ல
எனக்கு நான்கே சொற்கள் போதுமாயிருந்தன.
இன்றுவரை கூசுகிறது.

எதிர்த்தரப்பு வக்கீல் மரியாதையாக எழுந்தார்.
மிஞ்சிய சோற்றைச் சாப்பிட்டது யார்?

தார்ப்பாயில் மழை தேங்கித் தேங்கி
ஒரு பக்கமாகக் கொட்டியது.
‘நாங்கதான்’ என்றார்.
‘அங்க போனதுலேர்ந்து அன்னிக்குத்தான்
வயிறு ரொம்புச்சு.
அதையும் எழுதிக்கச் சொல்லுங்க.’
சொன்னேன்.
தட்டச்சு நின்று, பிறகு ஓடியது.

நீதிபதிக்கு ஒரு சந்தேகம்:
ஒரு படி என்பது எத்தனை பவுண்டு?
பட்டணம் படியா, மலாயாப் படியா என்று
நான் தடுமாறும்போதே
சடையாண்டி துணிமூட்டையை அவிழ்த்தார்.
விளிம்பு மடித்த பிஸ்கட் டின், அடியில் துரு.
‘அங்க படி ஏது? இதான்.’

நூலில் சீட்டுக் கட்டி
ஏழாவது சான்றுப்பொருளாக
மேசைமேல் வைத்தார்கள்.

வெளியே வரும்போது என் கையைத் தொட்டார்.
சந்தையில் கஞ்சிக்கடை போட்டிருக்கிறாராம்.
‘சாயங்காலத்துக்குள்ள
டின்னத் திருப்பித் தந்துருவாங்களா?’