எடைமேடைக் கணக்கு

சந்தூர்ச் சாலையில்
எங்கள் மாங்கூழ் ஆலைக்கு வெளியே
ஜூன் இரண்டாம் வாரம்
அறுபத்திரண்டு வண்டிகள்.
கடைசி வண்டி நிற்கும் இடத்தில்
அடுத்த ஊர் தொடங்கிவிடும்.

நான் எடைமேடைச் சாவடியில் இருப்பவள்.
வண்டி எண், வந்த நேரம், மொத்த எடை,
இறக்கிய நேரம், வெற்று எடை, கழிவு.
ஆறு பத்தி. ஒரு நீலப் பேனா.
மின்விசிறிக் காற்றில் பக்கம் புரளாதிருக்க
பதிவேட்டின் மேல் ஒரு பெங்களூராக் காய்.

கழிவுக்கு இங்கே இரண்டு பொருள்.
நசுங்கியதைத் தள்ளுவது ஒன்று.
அதற்காக விவசாயியின் பணத்தில் பிடிப்பது இன்னொன்று.
நூற்றுக்கு ஒன்பது.
"தோப்பு சரியில்லை" என்பார் மேலாளர் தணிகைவேலு,
எல்லாத் தோப்புகளைப் பற்றியும்.
இன்னொரு இயந்திரம் வாங்கினால் தீரும் என்பார்.
வங்கிக்கு எழுதிய கடிதம் அவர் மேசையிலேயே கிடக்கும்.

ஒரு ராத்திரி மின்சாரம் போனது.
கைப்பேசி வெளிச்சத்தில் சும்மா கழித்துப் பார்த்தேன்,
இறக்கிய நேரத்திலிருந்து வந்த நேரத்தை.
மூன்று வருடமாக ஒரே பக்கத்தில் இருந்தும்
ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாத இரண்டு பத்திகள்.

நாகரசம்பட்டி வண்டி: நான்கு மணி நேரம், கழிவு மூன்று.
அதே தோப்பு, அடுத்த நாள்:
இருபத்தாறு மணி நேரம், கழிவு பதினான்கு.

தோப்பு இல்லை.
தார்ப்பாய்.

இயந்திரம் மணிக்கு மூன்று வண்டி தின்னும்.
விடிகாலையில் பறித்து, ஏற்றி,
எல்லோரும் வந்து சேர்வது
பதினொன்றுக்கும் நான்குக்கும் நடுவே.
அதன் வாய் பெரிதாக வேண்டியதில்லை.
பந்தியில் எல்லோரும் ஒரே நேரத்தில் உட்காராமலிருந்தால் போதும்.

திம்மராயனை அழைத்தேன்.
"அண்ணே, உங்க வண்டிக்கு ராத்திரி ரெண்டு மணி."
"ராத்திரியில எவன்மா மரம் ஏறுவான்?"
"ஏற வேணாம். காலையிலேயே பறிங்க.
மரத்தடி நிழல்ல பரப்பி வைங்க.
பன்னெண்டுக்கு ஏத்தினா போதும்."
அந்தப் பக்கம் அமைதி. ஒரு நாய் குரைத்தது. பிறகு,
"இதெல்லாம் யாரைக் கேட்டுச் சொல்றே?"

யாரையும் கேட்கவில்லை.

நாற்பது பேர் சொன்ன மணிக்கு வந்தார்கள்.
பதினேழு பேர் சரி என்று சொல்லிவிட்டு
நடுப்பகலில் வந்து ஹாரன் அடித்தார்கள்.
ஐந்து பேர் அழைப்பையே எடுக்கவில்லை.
ஆனாலும் வரிசை
புளியமரத்தைத் தாண்டவில்லை.

டீக்கடை மாதம்மாள்தான் சண்டைக்கு வந்தாள்.
"வரிசையை எங்கடி கொண்டுபோய் வெச்சே?
ரெண்டு கேன் பால் சேர்த்துச் சொல்லியிருக்கேன்."
அவளுக்கும் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன்:
இரண்டு மணிக்கு மூன்று வண்டி,
மூன்று மணிக்கு மூன்று,
டிரைவரும் கிளீனரும் ஆளுக்கு ஒரு டீ.
படித்துவிட்டு அடுப்பில் போட்டாள்.
ஆனால் அன்று ராத்திரி கடை திறந்திருந்தது.

பதின்மூன்றாம் நாள்
கூழ் நிரப்பும் பைகள் தீர்ந்தன.
சென்னைத் துறைமுகத்தில் ஏதோ ஒரு கையெழுத்துக்காக
ஏதோ ஒரு பெட்டி நின்றது.
இயந்திரம் சும்மா சுழன்றது.
மறுபடி நாற்பது பேரையும் அழைத்தேன்.
"பறிக்காதீங்க. இன்னும் ரெண்டு நாள் விட்டு வைங்க."
மரத்தைவிட வாடகை குறைந்த கிடங்கு
இந்த மாவட்டத்தில் கிடையாது.

மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால்
கழிவு நான்கு.

பில் புத்தகத்தில் மட்டும் இன்னும் ஒன்பது.
முன்பே அச்சடித்தது.
மீதி ஐந்து எங்கே போகிறது என்று கேட்டேன்.
தணிகைவேலு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"அதுக்குப் பேருதாம்மா செயல்திறன்.
நல்ல வேலை செஞ்சிருக்கே."
இயந்திரக் கடிதத்தைக் கிழித்து
கூடையில் போட்டார்.

சாவடிக்குத் திரும்பினேன்.
எடைமேடையில் திம்மராயனின் வண்டி ஏறி நின்றிருந்தது.
சிவப்பு எண்கள் நடுங்கி, பிறகு நிலைத்தன.

பில்லில் ஒன்பதின் மேல் கோடு போட்டு
நான்கு என்று எழுதினேன்.
கொஞ்சம் அழுத்தித்தான் எழுதினேன்.
அடியில் கார்பன் இருந்தது.
அலுவலகத்துக்குப் போகும் நகலிலும்
விழுந்திருக்கும்.