இரண்டு கட்டங்கள்

எரிவாயுவுக்கு நாற்றமில்லை.
பிளோயெஷ்டியில் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை.
அந்த அழுகிய முட்டைக்கோஸ் வாடை
நாங்கள் கலப்பது. துளிக்கணக்கு.
காணாததைக் காட்டிக்கொடுக்கக்
குழாய்க்குள் அனுப்பிய ஒற்றன்.

கலந்தது போதுமா என்று பார்க்க
எந்திரம் இருக்கிறது. இருந்தும் விதி
இரண்டு மூக்குகளைக் கேட்கிறது.
ஒன்று என்னுடையது,
மற்றது ஸ்மரான்டாவுடையது.

படிவத்தில் இரண்டே கட்டங்கள்:
உணரப்பட்டது. உணரப்படவில்லை.
கடவுளை எதில் போடுவது என்றேன் முதல் வாரம்.
"மேலாளரைக் கேள், கையெழுத்து அவருடையது."

அதன்பின் மதிய ரொட்டிக்கு நடுவே
உலகத்தை இரண்டாகக் கிழிப்போம்.
குளிர்: உணரப்பட்டது.
பூமி சுழல்வது: இல்லை.
சம்பள உயர்வு: வதந்தி, மூன்றாம் கட்டம் வேண்டும்.
என் பல்வலி எனக்கு இந்தப் பக்கம்
உனக்கு அந்தப் பக்கம், ஒரே பல்!
அவள் சிரித்ததில் உப்புப் புட்டி கவிழ்ந்தது.

பிப்ரவரியில் காய்ச்சல், பதினோரு நாள் வரவில்லை.
திரும்பி வந்தவள் சீமைமாதுளை ஜாமைச்
சுவருக்குச் சாந்து பூசுவதுபோலப் பூசித் தின்றாள்.
விளையாட்டுக்கு வரவில்லை.

சோதனையில் மட்டும் பிசகவில்லை.
குடுவை, குழல், மூச்சு.
உண்டு. உண்டு. இல்லை.
முன்பெல்லாம் முதலில் முகர்பவள்
இப்போது எனக்குப் பின்.
மேலாளருக்கு மூக்கில் வேர்க்கவில்லை.
எனக்கும்தான். ஐந்து வாரம்
என் முகத்தின் மேல் அவள் கண் இருந்தது,
அதை இரண்டாம் கட்டத்தில் போடுங்கள்.

ஒரு வியாழன், ஏழாவது குடுவை.
சன்னலுக்கு வெளியே தண்டவாளத்தில் ஒரு நாய்
எதையோ கவ்வி இழுத்துக்கொண்டிருந்தது.
நாயைப் பார்த்தபடி முகர்ந்தேன்.
மூக்கைச் சுளிக்க மறந்துபோனேன்.

"இல்லை" என்றாள், உறுதியாக.

அறை முழுக்க முட்டைக்கோஸ்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் பேனாவை.
"டோரெல், காபி வெறும் சூடு.
குழந்தையின் உச்சந்தலை வெறும் ஈரம்.
வேலை போனால் வாடகை
முதல் கட்டம், தெரியுமா?"

தெரியும்.
கீழே நகரத்தில் அந்த நேரத்துக்கு
எத்தனை ஆயிரம் அடுப்புகள் என்பதும் தெரியும்.
உள்ளதை உள்ளபடி எழுதினேன்: உணரப்படவில்லை.
அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன்.
பேனாவைப் பிடுங்கிப்
பழைய தாள்களை அலமாரியிலிருந்து இறக்கினாள்.
ஐந்து வாரத்து "உண்டு"களை ஒவ்வொன்றாக அடிக்க
சாயங்காலம் ஆனது.

படியிறங்கும்போது கேட்டாள்:
"போகும் வழியில் என் அடுப்பை
ஒருமுறை முகர்ந்து பார்ப்பாயா?"

நான்கு மாடி. லிஃப்ட் இல்லை.
குனிந்து குழாய் முனையிலிருந்து திருகுவரை முகர்ந்தேன்.
வாயு இல்லை என்றேன்.
"வேறென்ன இருக்கிறது?"

வெங்காயம்.
துணி சோப்பு. ரேடியேட்டர் மேல் காயும் சின்னக் காலுறை.
பால் எப்போதோ பொங்கி வழிந்திருக்கிறது.

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.
"மெதுவாகச் சொல்" என்றாள்.