எடை இறங்கிய பின்

ஆய்வு நிலையத்துக்காரர்
கடப்பாரையை நுழைத்து ஒரு நெம்பு நெம்பினார்.
பின்சக்கரக் கை ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியது.
"புஷ் போச்சு, ரெண்டு பக்கமும்."
சீட்டில் ஒரு மாதக் கெடு.

போரி நகரில் ஏப்ரல்.
வழுக்காமலிருக்கத் தூவிய சரளை
தெருவோரம் இன்னும் கிடக்கிறது.
கொட்டகைக்குள் என் மூச்சு கண்ணுக்குத் தெரிகிறது.
முன்னூற்று நாற்பது குதிரைகளை
இரண்டு முட்டுக்கால்களில் தூக்கி நிறுத்திவிட்டு
முதுகைச் சிமெண்டுக்குக் கொடுத்தேன்.

விளக்குப் பிடிக்க வந்தவர் பக்கத்து வாசல் டோர்ஸ்டி,
ரொட்டி வண்டி ஓட்டுகிறவர்.
அன்று முழுக்க நான்கு வார்த்தை பேசினார்.
அதில் இரண்டு "ம்".

கழற்றும் முன் பிராக்கெட்டைச் சுற்றி
ஆணியால் கோடு கீறினேன்,
திரும்பி வர வழி தெரிய வேண்டுமே.
முதல் போல்ட் வந்தது. இரண்டாவது வந்தது.
மூன்றாவது
பதினாறு குளிர்கால உப்பைத் தின்று வளர்ந்தது.
எண்ணெய் தெளித்தேன், காத்திருந்தேன், மறுபடி தெளித்தேன்,
ஸ்பேனரில் ஒரு மீட்டர் குழாயைச் செருகித் தொங்கினேன்.
டக்.
உடைந்ததா கழன்றதா என்று
ஒரு நொடி யாருக்கும் தெரியாத சத்தம்.
கழன்றது.

பழையதை வெளியே இழுக்க
கடையில் ஒரு கருவி விற்கிறார்கள், என் வார வாடகைக்கு.
நான் மரைக்கம்பி, வாஷர்கள்,
செத்த பேரிங்கின் வெளிவளையம் கொண்டு ஒன்று செய்தேன்.
அசிங்கம்தான். இழுத்தது.

கைப்பிடி அளவுதான் அந்தப் பொருள்.
இரும்புக்குள் ரப்பர், ரப்பருக்குள் இரும்பு.
டோர்ஸ்டி அந்தப் பக்கம் விளக்கைப் பிடிக்க
வெளிச்சம் இந்தப் பக்கம் வந்தது.

ஆர்வோ,
திருப்பத்தில் வால் உதறுவது
என் கைகளால் என்றாய் நீ.
ஸ்டியரிங்கின் கழுத்தை நெரிக்கிறேனாம்.
உறைந்த ஏரியில் பயிற்சிக்குப் பணம் கட்டினேன்.
கையுறையை மாற்றினேன், டயரை மாற்றினேன்,
கடைசியில் சாவியை உன்னிடம் கொடுத்துவிட்டு
நான்கு வருடம் ஜன்னலைப் பார்த்தபடி வந்தேன்.
இந்தக் கிழிசலுக்குள்
என் சுண்டுவிரல் போகிறது, ஆர்வோ.

படம் எடுத்தேன். விரலோடு சேர்த்து.

புதியவை முந்தின நாளிலிருந்தே உறைபெட்டியில்,
பைக் மீனுக்கும் சிவப்புப் பழங்களுக்கும் நடுவில்.
குளிரில் ஒரு மயிரிழை சுருங்கும்.
சோப்புநீர் தடவி, கால் சுற்று, கால் சுற்று,
பாதி போனதும்
"கோணல்" என்றார் டோர்ஸ்டி.
கோணல்தான். திரும்பப் பிடுங்கி, திட்டி, மறுபடி.

எல்லாம் பூட்டி டார்க் ரெஞ்சை எடுக்கும்போது
கையேட்டைப் புரட்டினேன்.
சக்கரம் தொங்கும்போது முறுக்காதே.
வண்டியின் எடையை இறக்கு, அப்புறம் முறுக்கு.
தொங்கலில் இறுக்கிய ரப்பர்
வண்டி நின்றாலும் ஓய்வதில்லை,
தூக்கத்திலும் முறுகிக் கிடந்து கிழிகிறது.

கையேட்டின் அந்தப் பக்கத்தில்
பழைய கிரீஸில் என் கட்டைவிரல் ரேகை.

போன தடவை மாற்றியது நாம்தான்.
மழை. உனக்கு ஆறு மணிக் கப்பல்.
நீ விளக்கைப் பிடித்தாய்,
ரெஞ்ச் என் கையில்.
சக்கரங்கள் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தன.

ஆக, கைகள்தான்.
ஆனால் நீ சொன்ன இடத்தில் இல்லை,
நீ சொன்ன நேரத்திலும் இல்லை.

ஜாக்கியைச் சக்கரக் கைக்கு அடியில் வைத்து
முட்டுக்காலை விட்டு வண்டி ஒரு நூல் எழும்பும்வரை ஏற்றினேன்.
இப்போது முறுக்கினேன்.
ரெஞ்ச் கிளிக் என்றது.
அடுத்த பக்கத்திலும் கிளிக்.

"காபி?" என்றார் டோர்ஸ்டி.

இருட்டுமுன் கடற்கரைச் சாலை வரை ஓட்டினேன்.
மீன்சந்தை வளைவில் பின்புறம் பின்னாலேயே வந்தது.
வேறொன்றும் நடக்கவில்லை.
அதற்குச் சிரிப்பு வந்தது எனக்கு.

படத்தை அழிக்கவில்லை. அனுப்பவும் இல்லை.
சக்கரங்களை நேர்ப்படுத்த
வியாழக்கிழமை நேரம் கொடுத்திருக்கிறார்கள்.